கல்லைப் பார்த்தவர்கள்

எங்கள் பாடசாலை அதிபர் சிவகாமிப்பிள்ளை ரீச்சர் திரைக்கு நேர் முன்னால், கைபிடி வைத்த கதிரையில் இருந்தார்.

வீரக்குட்டிக்கும் ஒரு கதிரை போட்டோம். அவர் இருக்கவில்லை. துறைமுகம் தெரிகிற ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

அவருடைய மகள், எட்டாம் தரம் மேனுஜா, கணினி மேசைக்குப் பக்கத்து வாங்கில் இருந்தாள்.

கதவடியில் நான், வரலாறு படிப்பிக்கும் தவராசா.

ஸ்மார்ட் போர்டில் அவர்கள் வீட்டுக் கல்.

சல்லிக் கிராமத்தில் அவர்களுடைய கிணற்றடியில் கிடக்கிற, உடுப்புத் தோய்க்கிற கல்தான். அதன் ஒரு பக்கத்தில் நான்கு வரி எழுத்து. ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து.

அது திரைக்கு வந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். வரலாற்றுப் பாடமென்றால் மேசையில் தலை வைத்துப் படுக்கிற வகுப்பு. போர்ட் வந்ததும், வீட்டிலுள்ள மிகப் பழைய பொருளைப் போனில் படம் எடுத்து, வகுப்புக்கென்ற இணைய வரைபடத்தில் அவரவர் வீட்டின்மேல் ஏற்றச் சொன்னேன். உரல் வந்தது. குத்துவிளக்கு வந்தது. அனுசன் தன் அப்பப்பாவின் பொய்ப்பல்லை ஏற்றினான்.

மேனுஜா இந்தக் கல்லை ஏற்றினாள்.

விரலால் இழுத்துப் பெருப்பித்தபோது எழுத்துகள் தெரிந்தன. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். மணி அடித்த பிறகும் ஒருவரும் வெளியே போகவில்லை.

"ஆரைக் கேட்டு என்ர வளவைப் படம் எடுப்பிச்சனீங்கள்?" என்றார் வீரக்குட்டி.

கேள்வி அதிபரிடம். பார்வை என்னிடம்.

அவருடைய பயம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வளவுக்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லை. அரசாங்கம் தந்திருந்த பெர்மிற்றும் சுனாமியோடு போய்விட்டது. போன வருடம் எங்கோ ஓர் ஊரில் ஒருவர் தன் காணியில் கிடந்த பழைய கல்லை யாருக்கோ காட்டினாராம். அடுத்த மாதம் நில அளவுக்காரர் வந்து, கல்லைச் சுற்றி முளை அடித்துவிட்டுப் போனார்களாம். இப்போது சொந்தக் கிணற்றில் அள்ளவும் கேட்டுத்தான் போகவேண்டுமாம்.

"வகுப்புப் பிள்ளைகள் மட்டும்தான் இதைப் பார்க்கலாம்" என்றார் அதிபர்.

"அப்ப உந்த நாப்பத்தேழு ஆர், ரீச்சர்? வகுப்பில இருபத்திரண்டு பிள்ளையள். மிச்சம் இருபத்தஞ்சு பேரும் ஆர்?"

படத்தின் கீழ்மூலையில், பார்த்தவர்களின் கணக்காக, நாற்பத்தேழு என்று இருந்தது. நாங்கள் அதைக் கவனித்திருக்கவில்லை.

அதிபர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"சேர்ட மச்சான் அரசாங்கக் கச்சேரியிலதானே வேலை?" வீரக்குட்டி சிரித்துக்கொண்டு கேட்டார். "காணிப் பக்கமோ, கன்ரீன் பக்கமோ?"

"மோட்டார் வாகனப் பக்கம்" என்றேன்.

உண்மைதான். ஆனாலும் சொல்லும்போது எனக்கே பொய்போலக் கேட்டது.

கணினிக்குப் போய், பார்த்தவர்களின் பட்டியலைத் திறந்து, மேலிருந்து ஒழுங்காக வாசித்தேன். இருபத்தொரு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு தடவை. மேனுஜாவின் கணக்கில் மட்டும் இருபத்தாறு தடவை.

"நான் ஒருக்காத்தான் பாத்தனான், சேர்" என்றாள் மேனுஜா. "மற்றதெல்லாம் அப்பான்ர போன்."

நேரங்களும் இருந்தன. நேற்றுக் காலை ஆறு பத்து. ஆறு பதினேழு. ஆறரை. இன்று பஸ்ஸில் வந்த அரைமணித்தியாலத்துக்குள் நான்கு.

வீரக்குட்டி சேட்டுப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார்.

"படம் கிடக்கோ, எடுத்திட்டியளோ எண்டு பாத்தனான்" என்றார்.

அதிபர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். பிறகு வீரக்குட்டியும் சிரித்தார். அவர் கண் முன்னாலேயே படத்தை அழித்தேன், இடக்குறியையும் அழித்தேன்.

"குறை நினையாதேங்கோ, சேர். கண்டதையும் யோசிச்சிட்டன்."

"அதுக்கென்ன" என்றேன்.

அவரும் அதிபரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். மேனுஜா கணினியை நிறுத்துவதற்கு நின்றாள்.

அப்போதுதான் என் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்தேன். தொல்பொருள் திணைக்களத்திலிருந்து அன்று காலை வந்தது. கல்லின் படமும் வளவின் இட விபரமும் கிடைத்ததாகவும், அடுத்த வாரம் வியாழக்கிழமை இரண்டு அலுவலர்கள் பார்வையிட வருவதாகவும் அதில் இருந்தது.

பிள்ளைகள் எழுந்து நின்ற அன்றைக்கே, பெருமை தாங்காமல், கொழும்புக்கு எழுதிப் போட்டவன் நான்தான்.

மேனுஜா அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்பாக்குச் சொல்லாதேங்கோ. உங்களுக்கு அடிக்க வந்திடுவார்."

கடிதத்தை வாங்கி மடித்தேன்.

"நான் இன்ரநெற்றில கண்ட படத்தை எங்கட வீட்டுக் கல்லெண்டு பொய் சொன்னனெண்டு எழுதுங்கோ, சேர்" என்றாள். "என்னைக் கண்டிச்சதெண்டும் போடுங்கோ. அப்பத்தான் நம்புவினம்."

வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

கொப்பியிலிருந்து ஒற்றையைக் கிழித்து அவளே தன் கையால் எழுதினாள். எங்கள் வளவில் எழுத்துள்ள கல் எதுவும் இல்லை. பிழை என்னுடையது. மன்னிக்கவும்.

"திகதி போடவோ, சேர்?"

"போடு" என்றேன்.

அதன்மேல் வைக்க நானும் ஒரு கடிதம் எழுதினேன். மாணவி கண்டிக்கப்பட்டார் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கையெழுத்தின் கீழே, வழக்கம்போல, வரலாற்றுப் பாட ஆசிரியர் என்று போட்டேன்.

உறையை ஒட்டி, மூன்று மணிக்கு முன்பே பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.