இரண்டு பிரேக் வண்டி

"டெஸ்டுக்குத் தேதி வாங்கட்டுமா, இல்ல இந்தத் தடவையும் ஏதாவது சாக்கு வச்சிருக்கியா?"

கேட்டவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தையல்காரம்மா வழக்கம்போல அசடு வழிந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பழகிக்கிறேனே மாஸ்டர்."

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. ரிவர்ஸ் எடுக்கிறாள், மேட்டில் நிறுத்தி எடுக்கிறாள், சந்துக்குள் திருப்பச் சொன்னால் துணியை மடிப்பதுபோல அலுங்காமல் திருப்புகிறாள். டெஸ்ட் என்றால் மட்டும் தலைவலி வந்துவிடும், இல்லையென்றால் தங்கையின் மாமியார் வந்துவிடுவார்.

இதில் மாஸ்டரின் கொள்கை வேறு குறுக்கே நின்றது. ஒருவரை லைசென்ஸோடு இறக்கிவிட்ட பிறகுதான் அடுத்தவரை வண்டியில் ஏற்றுவார். அதனால் காத்திருந்தவர்கள் எல்லாம் போன் போட்டு அவர் உயிரை எடுத்தார்கள். இவளோ சீட்டில் பசை போட்டு ஒட்டிக்கொண்ட மாதிரி இறங்க மறுத்தாள்.

மாஸ்டர் எரிந்து விழுந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பிரேக் இரண்டு. ஓட்டுகிறவருக்கு ஒன்று, பக்கத்தில் உட்காரும் மாஸ்டருக்கு ஒன்று. எதை மிதித்தாலும் வண்டி நிற்க வேண்டும். இவள் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே மாஸ்டர் மிதித்தால் அது அசைந்து கொடுப்பதில்லை. பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து மிதிக்க வேண்டியிருந்தது. வயசாகிவிட்டது, காலில் வலு போய்விட்டது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். பாத்ரூமைத் தாழிட்டுக்கொண்டு முழங்காலில் தைலம் தேய்த்தும் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஸ்கூலை மூடிவிட்டு வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதானா என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தார்.

அன்று தெரு முனையில் ஒரு காய்கறித் தள்ளுவண்டி குறுக்கே வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மிதித்தார்கள். கார் மனசே இல்லாமல் ஊர்ந்து, முட்டைக்கோஸை முட்டாத குறையாக நின்றது. தள்ளுவண்டிக்காரர் இருவருடைய பரம்பரையையும் விசாரித்துவிட்டுப் போனார்.

மாஸ்டர் பழியை அவள் தலையில் போட்டார்.

"மிதிக்கச் சொன்னா தடவிக் குடுத்துக்கிட்டு இருக்கே. நாள் முழுக்க தையல் மெஷின் மிதிக்கிற காலுதானே அது?"

"முழு பலத்தோடதான் மிதிச்சேன் மாஸ்டர். பிரேக் கல்லு மாதிரியில்ல இருக்கு."

"உனக்குமா?"

வாய் தவறி வந்துவிட்டது. மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, இத்தனை நாளா இதைச் சொல்றதுக்கு என்ன?"

"எல்லா வண்டியும் இப்படித்தான்னு நெனச்சேன். இதுக்கு முன்னாடி நான் எந்த வண்டியை ஓட்டியிருக்கேன், சொல்லுங்க."

அதுவும் நியாயம்தான். முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்த மாஸ்டரின் மச்சினனுடைய ஒர்க் ஷாப்புக்குப் போனார்கள்.

மச்சினன் எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதித்தான். கடைசியாக மிதித்த காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்தான். நல்ல வண்டியாக இருந்தால் அந்த நேரத்தில் பிரேக் தானாகக் கொஞ்சம் கீழே இறங்குமாம். இது இறங்கவே இல்லை. பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டான். உள்ளே 'உஸ்' என்று சத்தம். எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய், முனையில் வாய் பிளந்து கிடந்தது.

"எஞ்சின் இந்தக் குழாய் வழியா காத்தை உறிஞ்சுறதாலதான் உங்க காலுக்கு ஒத்தாசை கிடைக்குது மாமா. அது இல்லாம வெறுங்காலாலயே வண்டியை நிறுத்தணும்னா பயில்வானே திணறுவான்."

"அப்போ என் காலு?"

"காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லடா, நீ வேலையைப் பாரு."

புதுக் குழாயை மாட்டி, கிளாம்பை முடுக்கி, அதே சோதனையை மறுபடி செய்தான். இப்போது எஞ்சின் உறுமியதும் பிரேக் மெத்தை மாதிரி உள்ளே அமுங்கியது. மாஸ்டர் தன் சீட்டில் உட்கார்ந்து தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். எடுத்தார். மறுபடி மிதித்தார். சின்னப் பிள்ளைக்கு பொம்மை கிடைத்த சந்தோஷம். மச்சினன் பார்த்துவிடப் போகிறானே என்று கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது அவர் குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது.

"இனிமே உன் சாக்கெல்லாம் செல்லாது. நாளைக்கே தேதி வாங்கப் போறேன்."

"வாங்குங்க மாஸ்டர்."

தலைவலி இல்லை, தங்கையின் மாமியாரும் இல்லை. மாஸ்டராலேயே நம்ப முடியவில்லை.

"இத்தனை நாளா பயந்து செத்தே. ஒரு குழாய் மாத்தினதும் பயம் போயிடுச்சா?"

தையல்காரம்மா சொல்வதா வேண்டாமா என்று தயங்கினாள். அப்புறம் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"பிரேக் பிடிக்க நீங்க படற பாட்டைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன் மாஸ்டர். உங்க காலுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு, வெளிய சொல்லிக்காம இருக்கீங்கன்னு நெனச்சேன். நான் இறங்கினாத்தானே அடுத்த ஆளை ஏத்துவீங்க? பிரேக் எதுன்னே தெரியாத ஒருத்தர் இந்த சீட்டுல உட்கார்ந்தா, அப்புறம் உங்களை யாரு பத்திரமா வீடு கொண்டு போய்ச் சேர்ப்பா?"