பத்துக்கு எத்தனை?

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும், ஏரியூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த நஞ்சப்பனும், சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்த அவர் மனைவி மாதம்மாளும் கேன்சர் ஓ.பி.யில் நர்ஸ் ஷகிலாவின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

வேலைக்குப் புதிதான ஷகிலா, நஞ்சப்பனின் மொட்டைத் தலையைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி சில கேள்விங்க. ஒண்ணுமில்லைன்னா சைபர், தாங்க முடியலைன்னா பத்து. வலி எவ்வளவு இருக்குங்க?”

“முட்டியில ஏழு இருக்குங்க.”

“அசதி?”

“எட்டு.”

“தூக்கம் வராம கஷ்டம்?”

“அது பத்துங்க. மூணு மாசமா கண்ணை மூடினாலே பயமா இருக்குது.”

மாதம்மாள் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“பசி எடுக்குதுங்களா?”

“வூட்ல நானே பொங்கி நானே திங்கறேன். எங்கிருந்து பசிக்கும்?”

ஷகிலா பேனாவை வைத்தாள். “இப்படி இருந்தா இன்னைக்கு மருந்து ஏத்த முடியாதுங்க. டாக்டரைக் கூப்பிடறேன்.”

நஞ்சப்பன் பதறிப்போனார். “எனக்கு எதுக்குங்க மருந்து? நோவு இவளுக்கு! இவளுக்குச் சரியாகணும்னு வேண்டிக்கிட்டு நான் மொட்டை போட்டேன். நீங்க கேட்டீங்க, சொன்னேன்.”

ஷகிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஏம்மா, நீங்களாவது சொல்லக் கூடாதா?”

“எனக்கு எல்லாம் ரெண்டு, மூணுதாங்க” என்றாள் மாதம்மாள். “முப்பது வருஷமா நான் எது கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’ம்பாரு. இன்னைக்குத்தான் வாயைத் தொறந்திருக்காரு. இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்க.”