ஹாலுக்கு ஏற்ற ஓவியம்

போலந்து ஓவியர் மாக்தாவின் கண்காட்சியில் புதுச்சேரியின் கலாரசிகர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாஸ்பேட்டைக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் நிர்மலா மட்டும் கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து ஒரு படத்தை அளந்தாள்.

கணவன் ராஜாவுக்கு மானம் போயிற்று.

“காகிதத்துல கலர் கலரா அப்பி வச்சிருக்கு. உனக்கு என்னா புரியுது இதுல?”

“உங்களுக்குப் புரியாது. எனக்கு இதுதான் வேணும்.”

மாக்தாவே ஓடி வந்து, படத்தில் எது பிடித்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“எங்க வீட்டு ஹாலுக்குன்னே வரைஞ்ச மாதிரி இருக்கு” என்றாள் நிர்மலா, அதே ஆங்கிலத்தில்.

மாக்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தை மாட்டப்போகும் இடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்றார்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை வந்தார். காபி குடித்தார். படத்தைப் போட்டோ எடுக்கப் போனால், கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடித்தது. வாசலில் வைத்து எடுக்கலாமென்று, நிர்மலா “வேணாம் வேணாம்” என்று பதறுவதற்குள் கழற்றியே விட்டார்.

மாடி பாத்ரூம் குழாய் கசிந்து, படம் மறைத்திருந்த சுவரில் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. சுற்றிலும் பழுப்பு வளையங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய ரோஸ், அதற்கும் அடியில் நீலம்.

மாக்தா தன் படத்தைக் கீழே வைத்துவிட்டு அசந்து நின்றார்.

“அடடா! இதை யார் வரைஞ்சது?”

“நாளைக்கே பிளம்பரைக் கூட்டிட்டு வரேன்” என்று சொல்லியே நாளைக் கடத்திய புருஷனை நிர்மலா ஒரு பார்வை பார்த்தாள்.

“இவர்தான். மூணு வருஷமா வரையறாரு.”