சோப்பு கம்பெனிக்கு ஒரு வாத்தியார்

பள்ளித் தாளாளர் ராஜினாமாக் கடிதத்தைச் செத்த எலியைப் போல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"பாடம் சொல்லிக் கொடுக்கிறது தவம், வாத்தியாரே. அதை விட்டுட்டு சோப்பு கம்பெனிக்குப் போறேங்கறீங்க?"

"குடும்பம் நடக்கணுமே சார்" என்றார் அறிவியல் ஆசிரியர்.

"நானெல்லாம் பணத்துக்காகவா பள்ளிக்கூடம் நடத்தறேன்?" தாளாளர் ஏசியைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.

ஆசிரியர் விஷயத்துக்கு வந்தார். "என் பொண்ணுக்கு ஃபீஸ் கட்ட முடியல சார். திங்கட்கிழமை பூரா அவ வகுப்புக்கு வெளியே நிக்க வேண்டியதாப் போச்சு."

தாளாளர் கொதித்துப்போனார். "பச்சைப்பிள்ளையை வெளியே நிறுத்தறதா? எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை அது? நெஞ்சுல ஈரம் இருக்கா அந்த ஆளுக்கு?"

"நான்தான் சார். அவ நம்ம பள்ளிக்கூடத்துல, என் வகுப்புலதான் படிக்கிறா. ஃபீஸ் கட்டாதவங்களை வெளியே அனுப்பச் சொன்ன உங்க சுற்றறிக்கையை நான்தானே வாசிச்சாகணும்?"

தாளாளர் பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தலை நிமிராமல், "குழந்தை அழுதாளா?" என்று கேட்டார்.

"இல்ல சார். வகுப்புல அவ என்னை அப்பான்னு கூப்பிடமாட்டா. 'சரிங்க சார்'னு சொல்லிட்டு எழுந்து போனா."