வெளிச்சக் கண்ணாடி

படத்தின் மூலையில் மறுபடியும் அவன் நின்றான்.

ஸுஹைறா போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். செவ்வரத்தைப் பூவின் இதழ்கள் நரம்பு நரம்பாக அழகாக விழுந்திருந்தன. ஆனால் வெளிச்சம் எட்டாத ஓரத்தில், பூ கிடந்த கண்ணாடியில் ஜன்னல் திரை தெரிந்தது. திரைக்குப் பின்னால் ஒரு தலை, இரண்டு தோள். இடது தோள் சற்றே இறங்கிய அந்த நிற்பு அவளுக்குத் தெரியாததா? நிப்றாஸேதான்.

புருஷன் போனபின் நாள் எண்ணிக்கொண்டு இத்தா இருக்கிறவளுக்கு வீட்டுக்குள் பொழுது போகவேண்டாமா? அலுமாரியின் கண்ணாடித் தட்டைக் கழற்றி இரண்டு முக்காலிகளின் மேல் பாலம்போல வைத்தாள். அடியில் டிரேசிங் பேப்பரை ஒட்டி, அதற்கும் கீழே கல்முனை பஸாரில் வாங்கிய பல்ப் ஒன்றை எரியவிட்டாள். அறையை இருட்டாக்கிவிட்டுக் கண்ணாடிமேல் ஓர் இலையைக் கிடத்தினால், கீழிருந்து வரும் வெளிச்சத்தில் அதன் உள்ளெல்லாம் தெரியும். அதைப் படம் எடுப்பதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஆனால் அது அவனுடைய அத்தர்ச் சீசாக்கள் நின்ற தட்டு. எத்தனை தரம் கழுவியும் வாசம் போகவில்லை. பல்ப் எரிய எரிய அது கிளம்பி அறையை நிறைக்கும்.

பார்க்க வந்த பெண்கள் குரலைத் தாழ்த்தி, "அல்லாஹ்ட நாட்டம் மகள், ஸபூர் செய், பொறுத்துக்க" என்றார்கள். வாசலைத் தாண்டியதும், இத்தாவில் இருக்கிறவளுக்குப் படம் ஒரு கேடா என்று மூக்கில் விரல் வைத்தார்கள். ஊர் வாய்க்கு எப்போதும் வேலைதான்.

இந்த வீட்டில் இருந்த காலத்தில் அவள் படம் எடுப்பது நிப்றாஸுக்கு ஆகாது. இரண்டு போன்களைச் சுவரில் அடித்து உடைத்தவன். உடைந்ததைப் பொறுக்கிய அவள் கையையும் மிதித்தவன். இப்போது அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லி வீடு அடங்குகிற நேரம் பார்த்து ஜன்னலில் வந்து நிற்கிறான். திரையை விலக்கினால் மாமரமும் மதிலும்தான் இருக்கும்.

தங்கை நப்லா படத்தைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"றாத்தா, இது மச்சான் மாதிரியே இரிக்கி."

"உம்மாட்ட செல்லிராத."

"கேட்டு பூட்டித்தான் கிடக்கு. இப்பதான் பாத்துட்டு வாறன். எப்பிடி உள்ள வாற?"

"அவருக்குக் கேட்டு எதுக்கு?" என்றாள் ஸுஹைறா.

இத்தா முடியும்வரை அவன் இந்த அறைக்குள் வராமல் இருந்தால் போதும். அதற்குப் பிறகு அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நினைப்பில்தான் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, மஃரிப் நேரம். உம்மாவும் நப்லாவும் முன்னறையில் தொழுதுகொண்டிருந்தார்கள். ஸுஹைறாவின் தொழுகைப் பாய் முந்தின நாள் பின்னேரத்து அஸரிலிருந்து சுருட்டியபடியே கிடந்தது. அவள் தனியே உட்கார்ந்து ஒரு பூவரசம் இலையைக் கண்ணாடியில் வைத்தாள்.

பல்பை இன்னும் போடவேயில்லை. அத்தர் வாசம் வந்துவிட்டது.

குசினிக் கதவு மெல்லக் கிறீச்சிட்டது. காலடிச் சத்தம் அறை வாசல்வரை வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட்டு, இறங்கிய இடது தோள்.

ஸுஹைறா கத்தவில்லை. முந்தானையை இழுத்துத் தலையை நன்றாக மூடிக்கொண்டாள்.

"இவ்வளவு நாளும் ஜன்னலடியில நிண்டு பாத்தன், நீ கூப்பிடல்ல" என்றான் நிப்றாஸ். "அதான் இண்டைக்கு மதிலால குதிச்சி உள்ளயே வந்துட்டன். செல்லின தலாக்க நான் திரும்ப எடுக்கன்."

"என்னட்டக் கேக்காமயா?"

"உன்னட்ட என்னத்தக் கேக்கிற? இத்தாக்குள்ள நான் திரும்ப எடுத்தா நீ என்ட பொண்டாட்டிதான். மூணு மாசம் முடிய இன்னம் நாள் கிடக்கு."

"கலண்டரப் பாத்தா எண்ணின நீங்க?"

"பின்ன வேற எதப் பாத்து எண்ணுற?"

ஸுஹைறா குனிந்து பல்பைப் போட்டாள். அவள் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. அதில் பயம் இல்லை.

"இத்தாவ எண்ணுறது கலண்டரில இல்ல, பொம்புளட உடம்பில. நேத்து அஸரோட மூணாந்தரமும் எனக்குத் தொழுகை இல்லாத நாள் வந்திட்டு. என்ட இத்தா நேத்தோட முடிஞ்சி."