தகரத்து வேம்பு

"வீட்டுக்குள்ள காடா வளக்குறே?" என்று கேட்டுக்கொண்டே விருமாண்டி போலீஸ் முதல் தொட்டியை எட்டி உதைத்தான்.

கற்பூரவல்லி சரிந்தது. அடியில் நோட்டீசு ஏதும் புதைத்திருக்கிறதா என்று மண்ணை லத்தியால் கிளறினான். அப்புறம் தூதுவளை. அப்புறம் கற்றாழை.

"ஒண்ணு விடாம பாருய்யா" என்று வாசலில் நின்று அதட்டினார் இன்ஸ்பெக்டர்.

பாக்கியம் கைக்குழந்தையை அணைத்தபடி சுவரோடு சுவராய் ஒட்டி நின்றாள். பிள்ளைக்குச் சளி கட்டினால் அந்தக் கற்பூரவல்லி இலையைத்தான் வாட்டிப் பிழிந்து கொடுப்பாள். பாவி, இவன் வீட்டில் பிள்ளை குட்டியே கிடையாதா?

அவள் புருஷன் ஞானமுத்து மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். வெள்ளைக்காரன் தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்ட நாளிலிருந்து அவன் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. எங்கேயோ ஒளிந்து நோட்டீசு அச்சடிக்கிறான் என்று ஆரப்பாளையம் முழுக்கப் பேச்சு.

"வந்தா ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு. இல்லேன்னா உன்னையும் பிள்ளையையும் சேத்து இழுத்துட்டுப் போவேன்" என்று உறுமிவிட்டுப் போனான் விருமாண்டி.

மறுநாள் காலையில் ஞானமுத்து கொல்லைப்பக்கமாக வந்து சேர்ந்தான். கண்ணெல்லாம் குழி விழுந்து கிடந்தது. மூன்று நாள் பட்டினி. அவள் அவசரமாய்க் குழம்பு தாளித்துச் சோறு போட்டாள்.

"எங்கடி உன் காடு? இம்புட்டுத்தான் மிச்சமா?"

மிச்சம் ஒன்றுதான். முற்றத்து மூலையில், மண்ணெண்ணெய்த் தகரத்தில் இடுப்பு உயரத்துக்கு நின்ற வேம்பு.

"தகரத்துல வேம்பு வச்சு, எந்தக் காலத்துல நீ அது நிழல்ல உக்காரப் போறே?"

"நிழலுக்கா வச்சேன்? ரெண்டு இலை போட்டுப் புகைச்சா கொசு அண்டாது. பிள்ளைக்குச் சிரங்கு வந்தா அரைச்சுப் பூசலாம். காலையில அது பக்கத்துல நின்னாலே மூச்சு லேசா இருக்கு. பேசாம சாப்பிடுங்க."

இரண்டாவது கவளம் வாய்க்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏ பாக்கியம்! தெரு முக்குல போலீசு நிக்குதுடி! வீடு வீடா ஏறி வாராக!"

கொல்லைக் கதவு இடுக்கில் பார்த்தாள். அங்கேயும் காக்கிச் சட்டை.

ஞானமுத்து விறகு அடுக்குக்குப் பின்னால் சுருண்டான். போலீசு பிடித்துக்கொண்டு போன பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் விரல் ஒடிந்து திரும்பி வந்ததை அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

வேம்பு கண்ணில் பட்டது.

அம்மை கண்ட வீட்டு நிலையில் வேப்பிலை தொங்கினால், தபால்காரர்கூடப் படியேற மாட்டார். சின்ன வயசிலிருந்தே தெருவில் நின்று பார்த்திருக்கிறாள். உள்ளே போய்ப் பார்த்ததில்லை. வேதக்கார வீட்டில் இந்த வழக்கமெல்லாம் ஏது?

"ஏசப்பா, மன்னிச்சிரும்!"

கொப்பு கொப்பாக ஒடித்தாள். தகரத்தில் வெறும் குச்சி நின்றது. நிலையில் இலையைச் செருகினாள். பொய்க்குக் கூப்பிட்டால் நிஜமாகவே வந்துவிடுமோ? ஓடிப்போய்க் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. வெள்ளைத் துணியால் மூடிப் படுக்க வைத்தாள்.

பூட்ஸ் சத்தம் வாசலில் நின்றது.

"என்னய்யா இது? வேதக்காரன் வீட்டுல வேப்பிலை!" இன்ஸ்பெக்டர் குரல்.

"அம்மை, மதம் பாத்தா வருதுங்கய்யா?" என்றான் விருமாண்டி.

"நேத்து இல்லையே? போய்ப் பாரு." சொன்னவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடுத்தெருவுக்குப் போய்விட்டார்.

விருமாண்டி உள்ளே வந்தான்.

"யாருக்கு?"

"பி... பிள்ளைக்கு."

துணிக்கடியில் குழந்தை கையைக் காலை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. நின்ற இடத்திலேயே மூக்கை உறிஞ்சினான். மறுபடியும் உறிஞ்சினான்.

பாக்கியத்துக்கு உயிரே போய்விட்டது. மசி வாசமா? புருஷன் சட்டை முழுக்க அச்சு மசியாயிற்றே!

விருமாண்டி மெல்லத் திரும்பி விறகு அடுக்கைப் பார்த்தான். ஒரு கட்டை சரிந்து உருண்டது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சட்டென்று வாசலைப் பார்த்துக் கத்தினான்.

"ஐயா! பிள்ளைக்கு உடம்பெல்லாம் முத்து முத்தா போட்டிருக்கு! பாக்கச் சகிக்கல. நமக்கும் ஒட்டிக்கிரும், அடுத்த வீட்டுக்குப் போயிருவோம்!"

இன்ஸ்பெக்டர் அதற்குள் நாலு வீடு தாண்டியிருந்தார்.

படியில் கால் வைத்த விருமாண்டி நின்றார். அவள் முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில் சொன்னார்:

"அம்மை கண்ட வீட்டுல தாளிக்க மாட்டாக தாயி. கடுகு வாசம் தெருவரைக்கும் வருது. மொதல்ல அந்தச் சட்டியை மூடு."