கரண்டு போன பிறகும்

கோவை பீளமேட்டில், கிரைண்டர் கம்பெனியை ஒட்டிய ஷெட்டில் நவநீத் எலெக்ட்ரிக் கிட்டாரை அறைய, ஆஃப்ரின் டிரம்ஸ் அடிக்கிறாள். இவர்கள் வாசிப்பது இங்கிலாந்தில் பர்மிங்காம் என்னும் ஆலை நகரத்தில் வளர்ந்த கிரைண்ட்கோர், அசுர வேகமும் இரைச்சலுமான ராக் இசை. அங்கிருந்து வந்த பழைய ஆல்பங்களைக் கேட்டுக் கேட்டே இருவரும் கற்றார்கள். கம்பெனி மோட்டார்கள் ஓடும் பகலில்தான் வாசிப்பார்கள். இவர்கள் இரைச்சல் அந்தச் சத்தத்துக்குள் கரைந்து, வெளியே யாருக்கும் தெரியாமல் போய்விடும். திடீரென்று கரண்டு போகிறது. மோட்டார்கள் அடங்குகின்றன, கிட்டாரும் ஊமையாகிறது. ஆஃப்ரின் மட்டும் நிறுத்தவில்லை. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில் இரும்புத்தூள் நடுங்குகிறது. அடிக்கும் வேகத்தில் அவள் கைக்குச்சிகள் கண்ணுக்கே தெரியவில்லை. கம்பெனிக்கும் ஷெட்டுக்கும் சொந்தக்காரரான ரங்கநாயகி ஓடிவருகிறார். "ஏனுங்க தம்பி, கரண்டு போயும் எந்த மோட்டாருங்க ஓடுது?" குட்டு உடைந்தது, இனி ஷெட் போச்சு என்று நினைத்தபடி நவநீத் ஆஃப்ரினைக் கை காட்டுகிறான். ரங்கநாயகி வாசலிலேயே நின்றுவிடுகிறார். கரண்டு திரும்பி வந்து விளக்கு எரிகிறது. அவர் கம்பெனிப் பக்கம் திரும்பிக் கத்துகிறார்: "மோட்டாரைப் போட்டுறாதீங்க! அம்மணி முடிக்கட்டும்."